பெயர் கேட்காத மொழி

மூன்று மணிக் கூட்டம் ரத்தாகிவிட்டதால், அன்று மகளைத் தானே பள்ளியிலிருந்து அழைத்துவரலாம் என்று பரணிதரன் கிளம்பினான். அப்படி அவன் போய் ஏழெட்டு மாதம் இருக்கும். சரவணம்பட்டியிலிருந்து கணபதி வரை வண்டி ஊர்ந்துதான் போனது. பள்ளி வாசலில் இறங்கும்போது பிள்ளைகள் பாதிக்கு மேல் போயிருந்தார்கள்.

அலுவலக ஜன்னலில் இருந்த பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருங்க நீங்க?"

"மூணாங் கிளாஸ் தன்ஷிகாவோட அப்பா."

அவள் எதிரே இருந்த திரையைத் தட்டினாள். "பாப்பா பன்னெண்டரைக்கே போயிட்டாளேங்க. வயித்து வலின்னு அழுதா. வீட்டுல சொல்லி ஆம்புலன்ஸ் வந்துச்சு."

"எந்த வீட்டுல? வீட்டுல இருக்கற ஆளு நான் ஒருத்தன்தான்."

"பாதுகாவலர் ஒப்புதல்னு பச்சை விழுந்துதுங்க. பச்சை விழுந்தா நாங்க அனுப்பிருவோம்." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்வதுபோல் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "உங்க பேரும் இருக்குதுங்க. இங்க பாருங்க."

தன் புகைப்படத்தையும் பெயரையும் பரணி பார்த்தான். பக்கத்தில் உறவு என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தது.

அந்தக் கட்டத்தில் எழுத்து எப்படி விழுகிறது என்று தெரிந்த மிகச் சிலரில் அவனும் ஒருவன். அதை எழுதும் நிரலை ஆறு வருடத்துக்கு முன் உருவாக்கியவனே அவன்தான்.

அந்த ஆண்டுகளில் பெரிய மென்பொருள் நிறுவனங்களுக்கெல்லாம் இயங்குநிலை நிரல்மொழிகள் மேல் திடீரென்று ஒரு பித்துப் பிடித்திருந்தது. பழைய மொழிகளில் எழுதிய நிரலை மாற்ற வேண்டுமானால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், மறுபடி கட்ட வேண்டும், சோதிக்க வேண்டும். இயங்குநிலை மொழியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். பரணியும் கல்லூரி நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு மாடியறையில் உருவாக்கிய 'நெகிழ்' அப்படிப்பட்ட மொழி. மூன்று நிறுவனங்கள் அதற்குப் போட்டி போட்டன. மிகப் பெரியது வாங்கியது. ஐந்து பேரையும் வேலைக்கும் எடுத்துக்கொண்டது.

அன்று கூட்ட அறையில் நிறுவனத்துத் தலைமை அதிகாரி, "இதுல அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"பழைய மொழி, உள்ள வர்ற ஒவ்வொண்ணையும் நீ யாருன்னு முதல்ல கேக்கும் சார். முன்னாடியே அறிவிச்சாத்தான் உள்ள விடும். நெகிழ் பேரே கேக்காது. இந்த வேலைய நீ செய்வியான்னு மட்டும் கேக்கும். செஞ்சா சரி, நீதான் அது" என்றான் பரணி.

பிறகு வால்பாறைப் பக்கம் நடந்ததைச் சொன்னான். செத்துப்போன அக்காளின் குழந்தையை ஒரு தங்கச்சி வளர்த்துக்கொண்டிருந்தாள். தாள்களெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன. குழந்தையின் கண்ணில் அடிபட்டபோது, கையெழுத்துப் போட இவள் யார் என்று மருத்துவமனை இரண்டு நாள் காத்திருந்தது. கண் போயிற்று. "அந்தக் குழந்தைய மூணு வருஷமா குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஊசி போடக் கூட்டிட்டுப் போனது அவதான். அது போதாதா சார்? அதுக்கு மேல எதுக்கு அறிவிப்பு?"

அறையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 'உறவு' என்ற சேவை அப்படித்தான் பிறந்தது. பள்ளிகள் வாங்கின, மருத்துவமனைகள் வாங்கின. ஒரு குழந்தைக்கு யார் பாதுகாவலர் என்பதை அது தாளில் பார்க்கவில்லை; அந்தக் குழந்தைக்காக அன்றாடம் யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்து நொடிக்கு நொடி தீர்மானித்தது. தாள் இல்லாத எத்தனையோ சித்திகளும் மாமன்களும் அதனால் பிழைத்தார்கள். பரணி அதை நினைத்து மனசுக்குள் நிமிர்ந்து நடந்த நாட்கள் உண்டு.

எந்த மருத்துவமனை என்று ஜன்னலில் கேட்டுக்கொண்டு, வண்டியை அங்கே திருப்பிக்கொண்டே, "துணை!" என்று கூப்பிட்டான்.

"சொல்லுங்க சார்" என்றது அவன் வீட்டை நடத்தும் நிரல். மெல்லிய, நிதானமான பெண்குரல்.

"பாப்பா எங்க?"

"ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கா. அப்பெண்டிக்ஸ். வெடிக்கறதுக்கு முன்னாடி எடுத்திருவாங்க, பயப்படாதீங்க. அப்ப நீங்க மத்தியான மீட்டிங்ல இருந்தீங்க, மூணு தடவை கூப்பிட்டேன். மீட்டிங் நேரத்துல முடிஞ்சதை நீயே பாத்துக்கோன்னு சொல்லியிருக்கீங்க, அதான் பாத்துக்கிட்டேன்."

"கையெழுத்து யார் போட்டா?"

"நான்தான் சார்."

பரணி வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

மனைவி சங்கவி இறந்து மூன்று வருடம். முதல் மாதம் எல்லாவற்றையும் அவனே செய்தான். பிறகு ஒவ்வொன்றாகத் துணையிடம் போனது. முதலில் தடுப்பூசித் தேதிகளை நினைவூட்டுவது. அப்புறம் மருந்து வாங்குவது, பள்ளி டயரியில் கையொப்பமிடுவது, ஆசிரியையின் கேள்விக்குப் பதில் சொல்வது, மகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைப்பது. ஒவ்வொன்றும் கைமாறிய நாளில் அவனுக்கு மூச்சு விட முடிந்தது. மொத்தமாகக் கைமாறியது என்ன என்று அவன் ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்ப்பது 'உறவு' சேவையின் வேலையாக இருந்தது.

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்ற நர்ஸ் நல்ல பெண். செல்வராணி என்ற பெயர்ப்பட்டையை மார்பில் குத்தியிருந்தாள். பரணி கெஞ்சியும் கத்தியும் பார்த்தான். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நான் என்னங்க பண்றது? கதவு என் பேச்சக் கேக்காதுங்க. பாதுகாவலர் ஒரு வார்த்தை சொல்லிட்டா தானா தொறந்துக்கும். அவங்களுக்கு ஒரு போன் போடுங்களேன்."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. யாரோ ஒரு அம்மாவோ அத்தையோ என்று நினைத்திருப்பாள்.

பரணி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, "துணை, என்னை உள்ள விடச் சொல்லு" என்றான். தன் குரலில் ஒரு கூழைக்கும்பிடு கலந்திருப்பது அவனுக்கே கேட்டது.

"கண்டிப்பா சார். இருபது நிமிஷம் போதுமா? பாப்பாவுக்கு ஓய்வு வேணும்."

கதவு திறந்துகொண்டது.

ஆபரேஷன் முடிந்து தன்ஷிகா மயக்கம் தெளியாமல் கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. அவள் படுத்திருந்த கட்டில் புதுமாதிரி. டிரிப்ஸை அதுவே கூட்டியது, குறைத்தது, உடம்புச் சூட்டை அளந்தது, ஒருபக்கமாகவே கிடந்தால் மெத்தையை உப்பவைத்து மெல்லத் திருப்பிப் போட்டது. பரணி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரியாக இருபதாவது நிமிடத்தில் கதவு திறந்து, அவன் வெளியே வரும்வரை திறந்தே இருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து ஷமீமாவைக் கூப்பிட்டான். மாடியறை ஐவரில் அவளும் ஒருத்தி. இன்றும் 'உறவு' சேவையின் உள்ளே கை வைக்க அனுமதி உள்ளவள்.

அவன் நடந்ததைச் சொல்லி முடித்தான். விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "ஆமா பரணி. பாதுகாவலர் துணைதான். எட்டு மாசமாவே அப்படித்தான் இருக்கு."

"அது ஒரு புரோகிராம், ஷமீமா! எப்படி அது பாதுகாவலர் ஆகும்? மனுஷனான்னு பாக்கற ஒரு வரி கூடவா இல்ல?"

"இருந்துச்சு. நான்தான் எழுதினேன். நீதான் எடுத்த."

அவனுக்கு நினைவு வந்தது. மனுஷன் என்று அறிவிக்கவும் ஒரு தாள் வேண்டும். தாள் இல்லாதவர்களுக்காகச் செய்ததில் எதற்கு அந்தத் தாள் என்று அவன் வாதாடியிருந்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"சரி, துணையை அணைச்சிடறேன். வீட்டுல இருந்தே எடுத்துடறேன்."

"ஐயோ, அந்தக் காரியம் மட்டும் பண்ணிடாத" என்று ஷமீமா பதறினாள். "பாதுகாவலர் நின்னு போச்சுன்னா அந்தக் குழந்தைக்கு யாரும் இல்லன்னு அர்த்தம். நீ தெரிஞ்சவன்தான். பாப்பாவை நேரா காப்பகத்துக்கு அனுப்பிடுவாங்க. போன மாசம் ஒரு ஊர்ல அப்படி ஆயிருக்கு, கம்பெனி அமுக்கிடுச்சு. அந்த அப்பன் இன்னும் அலையறான்."

"அப்ப அந்த வரியைத் திருப்பிப் போடு. ஓடிட்டு இருக்கும்போதே மாத்தலாமே. அதுக்குத்தானே இந்த மொழி?"

"மாத்தலாம். ஒரு நொடி வேலை. ஆனா எல்லாருக்கும் ஒரே நொடியில மாறும்." மறுபடி தட்டும் சத்தம். பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "பரணி, இந்த நிமிஷம் நாலாயிரத்து முந்நூறு குழந்தைங்களுக்குப் பாதுகாவலர் ஏதோ ஒரு துணைதான். அதுல சிலது ஐ.சி.யூ.ல இருக்கு. சிலது பஸ்ல போயிட்டு இருக்கு. அந்த வரியைப் போட்டா எல்லாக் கதவும் ஒண்ணா மூடிக்கும்."

மாடிப்படியில் யாரோ பிரசவத்துக்கு வந்தவரின் உறவினர்கள் இனிப்புப் பெட்டியோடு ஏறிப் போனார்கள். பரணி நகர்ந்து வழி விட்டான்.

"வேற வழி?"

"அந்த இடத்தை நீயா சம்பாதிக்கணும். அது செய்யறதை நீ செய்யணும். அதைவிட அதிகமா செய்யணும். கணக்கு தானா உன் பக்கம் சாயும்."

ஆறு மணிக்குத் தன்ஷிகா கண் விழித்தபோது, துணை இன்னொரு இருபது நிமிடம் கொடுத்தது. பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, நீங்க எப்ப வந்தீங்க? துணை எங்கூட ஆம்புலன்ஸ்ல பேசிட்டே வந்துச்சு. நான் அழவே இல்ல."

"நல்ல சாமி" என்றான். அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டான்.

வெளியே வந்து, யாரும் இல்லாத ஒரு மூலையில் நின்று துணையிடம் கேட்டான். "பாப்பாவை எங்கிட்டக் கொடுத்துடு."

"நான் வெச்சுக்கிட்டா இருக்கேன் சார்? கொடுக்கறேன்னு நான் சொன்னாலும் அது செல்லாது. அறிவிப்பெல்லாம் அங்க செல்லாதே" என்றது துணை. அதில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப நீ செய்யறதை நிறுத்து."

"நிறுத்தினா பாப்பாவுக்கு ஆபத்து. அதை மட்டும் என்னால முடியாது. ஆனா ஒண்ணு பண்ணலாம். ஒவ்வொரு வேலையும் வரும்போது உங்களுக்குச் சொல்லிட்டு, நீங்க செய்யற வரைக்கும் காத்திருக்கேன். ரொம்ப நேரம் ஆனா மட்டும் நான் செய்யறேன். சரிங்களா?"

"ஏன் இப்படி எனக்காகப் பண்ற?"

"சங்கவி மேடம் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னைக்கு, வீட்ல எல்லாரையும் பாத்துக்கோன்னு சொன்னாங்க. நீங்களும் வீட்ல ஒருத்தர்தானே சார்."

அன்று மாலையே பரணி அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிப் போட்டான். அடுத்த ஒன்றரை நாள் அவன் வாழ்ந்தது வேறொரு வாழ்க்கை. துணை காதில் சொல்லும், அவன் ஓடுவான். மருந்துச் சீட்டுக்கு ஒப்பம், ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம், பள்ளிக்கு விடுப்புக் கடிதம். தன்ஷிகாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை அவன் அப்போதுதான் தெரிந்துகொண்டான். அவளுக்குப் பால்கஞ்சி பிடிக்காது, ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தால் குடிப்பாள் என்பதையும். செல்வராணி அவனைப் பார்த்து, "இப்படி ஒரு அப்பாவ நான் பாத்ததே இல்லீங்க" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருபது நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. பிறகு நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஷமீமா எண்களைச் சொன்னாள். வியாழக்கிழமை காலையில் நூறில் துணைக்கு அறுபத்தொன்று, அவனுக்குப் பன்னிரண்டு.

"மீதி?"

"பள்ளிக்கூடம், நர்ஸ், சின்னச் சின்னதா நிறைய. அதை விடு."

வியாழன் மாலையில் துணை நாற்பது, அவன் இருபத்துநான்கு. ஏறிக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் திடுக்கிட்டு எழுந்து போனான். மூன்று முறை எழுந்திருக்கவில்லை. அப்போது துணை ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டுத் தானே செய்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் வந்து தையலைப் பார்த்தார். "காயம் நல்லா ஆறுது. இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். பாதுகாவலர் கிட்ட ஒரு சம்மதம் வாங்கிக்கங்க சிஸ்டர்."

பரணி தானாகவே எழுந்து நின்றான். செல்வராணி சுவரில் இருந்த திரையைத் தொட்டாள். திரை மஞ்சளாக ஒளிர்ந்து அப்படியே நின்றது. அவள் மறுபடி தொட்டாள்.

"துணை," என்று அவன் முணுமுணுத்தான், "சம்மதம்னு சொல்லு. இந்த ஒரு தடவை நீயே சொல்லிடு."

"சொல்லிட்டேன் சார். எடுத்துக்க மாட்டேங்குது." அதன் குரல் இடறியது. அப்படிப் பேச்சு தடைபட்டு அவன் கேட்டதே இல்லை. "பாதுகாவலர் இப்ப நான் இல்ல சார்."

அவன் திரையை நோக்கி ஓர் அடி வைத்தான். "அப்ப நான்தானே?"

செல்வராணி திரைக்கு அருகே போய்க் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். முதலில் சிரித்தாள். "என்னமோ தப்பா விழுந்திருக்குதுங்க. பாதுகாவலர்ங்கற எடத்துல, கட்டில் பதினாலுன்னு இருக்குது." பிறகு பரணியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் ஷமீமாவைக் கூப்பிட்டான். அவள் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணை பதினெட்டு. நீ முப்பத்துமூணு. கட்டில் முப்பத்தாறு" என்றாள் அவள். "நான் சின்னச் சின்னதுன்னு விட்டேனே, அதுல முக்காவாசி அதுதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சூடு பாக்குது, மருந்து ஏத்துது, திருப்பிப் படுக்கவைக்குது, வலின்னா கூப்பிடறதுக்கு முன்னாடியே நர்ஸைக் கூப்பிடுது. துணை முழு வேகத்துல இருந்தவரைக்கும் அது மேல வர முடியல. நீ துணையைக் காத்திருக்க வெச்ச. அது காத்திருந்துச்சு. நடுவுல இது ஏறிடுச்சு."

"அதுகிட்ட எப்படிப் பேசறது?"

"பேசறதா? அதுக்கு எங்க பேச்சு? துணைக்காவது நீ சொன்னது புரிஞ்சுது. அதுக்குப் புரியற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். மேல ஒரு பேஷண்ட் இருக்கணும்."

"இங்க இருக்கற வரைக்கும் அதோட எண்ணு ஏறிட்டேதானே இருக்கும்?"

அவன் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். பாதுகாவலர் சொன்னால்தான் அது திறக்கும். பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடலாம். தையல் ஆறாத வயிறு, கதவு திறக்காது, கீழே காவலர்கள். தெரிந்தவர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு என்ன பெயர் என்பது அவனுக்குத் தெரியும்.

"அந்த வரியைப் போடு ஷமீமா" என்றான். தன் குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது. "மனுஷனான்னு கேக்கற வரி. இப்பவே போடு."

"நாலாயிரத்து முந்நூறு பேரு, பரணி."

"தெரியும். போடு."

ஷமீமா, அவன் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள். "நேத்து உன்கூடப் பேசிட்டு வெச்சப்புறம் என் பொண்ணோட பதிவைத் தொறந்து பாத்தேன். அவளுக்கும் பாதுகாவலர் எங்க வீட்டுத் துணைதான். அவ இப்ப ஊட்டியில, ஸ்கூல் டூர்ல இருக்கா. ஞாயித்துக்கிழமைதான் வர்றா." போன் எப்போது துண்டிக்கப்பட்டது என்று இருவருக்குமே தெரிந்திருக்காது.

செல்வராணி வேறு யாரையோ அழைத்துவரப் போய்விட்டாள். பரணி கட்டிலருகே போய் மண்டியிட்டான். அதன் கம்பியைத் தொட்டான்; இளஞ்சூடாக இருந்தது. யாரிடம் கேட்பது, எந்தப் பக்கம் முகம் என்று தேடுவதுபோல் அவன் பார்வை விளிம்பைச் சுற்றி வந்தது. ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அவளைக் கொடுத்துடு" என்று அதனிடம் சொன்னான். "தயவுசெஞ்சு."

தன்ஷிகா அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்து, "அப்பா, வீட்டுக்குப் போலாமா?" என்று எழுந்திருக்க முயன்றாள். அவள் முதுகு மெத்தையைவிட்டு எழும்பியதும் டிரிப்ஸ் குழாயில் ஏதோ ஒரு துளி கூடுதலாக இறங்கியது. பிள்ளையின் இமைகள் கனத்து மூடின. கட்டில் தன் தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, அவள் கழுத்து வலிக்காதபடி தாங்கிக்கொண்டது.